பான் அத்தேயில் ஒரு புள்ளி

அந்த வரைபடத்தைச் செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, கேட்பவர்களுக்கும் நிம்மதி. இரண்டாயிரத்து நூற்று நாற்பது புள்ளிகள். அராவ்லாவைப் பார்த்ததாக வந்த பதிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அவற்றோடு புல், மண், மழை, மேடு பள்ளம், தண்ணீர் எவ்வளவு தூரம், ஊர் எவ்வளவு தூரம் என்று ஒன்பது அடுக்குத் தகவல்கள். எல்லாவற்றையும் கணினிக்குத் தின்னக் கொடுத்து, அராவ்லா எங்கே பிழைக்கும், எங்கே பிழைக்காது என்று நிறம் பிரித்துக் காட்டியவள் நான். பச்சை என்றால் அதற்கு ஏற்ற இடம். மஞ்சள் என்றால் ஏற்காத இடம்.

அராவ்லாவை வெளியுலகம் ஹிரோலா என்று எழுதும். மணல் நிறத்து மான். இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்குக் கண்ணாடி மாட்டியது போல ஒரு வெள்ளைக் கோடு. சில நூறுதான் மிச்சம், அதுவும் எங்கள் பக்கத்தில்தான். அது இருக்கும் வரைக்கும்தான் மாடும் இருக்கும் என்று மாடு மேய்த்துப் பிழைக்கும் எங்கள் ஆட்கள் நம்புவதால் பசித்தாலும் அதைக் கொல்ல மாட்டார்கள். நான் ஏழு வயதிலேயே கரிசா டவுன் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டவள். என் வாழ்நாளில் அராவ்லாவை இரண்டே இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனாலும் அதைப் பற்றி நைரோபியில் நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கினேன்.

வரைபடத்தை எங்கள் ஊரில் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் வேலை பார்க்கும் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் தலைவர் கிப்லிமோ சார் வந்திருந்தார். பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தை விழவைத்தோம். ஈல் மதோ கிணற்றைச் சுற்றி, வறண்ட ஓடை நெடுக, பச்சை அப்பிக் கிடந்தது. அங்கிருந்து அரை நாள் நடையில் இருக்கும் பான் அத்தே வெட்டவெளி முழுக்க மஞ்சள்.

என் உம்மாவின் தம்பி தெக்கோ மாமா முன்வரிசையில் இருந்தார். அமைப்புக்காக அராவ்லாவைத் தேடிப் பதிவு செய்யும் காவலர்கள் பதினாலு பேருக்கும் அவர்தான் மூத்தவர். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"பான் அத்தே ஏன் மகளே மஞ்சளா கெடக்கு?"

"அங்க தண்ணி இல்ல மாமா. அராவ்லாவுக்கு அந்த எடம் ஒத்துவராது."

"யாரு சொன்னா?"

"கணினி சொல்லுது. நீங்க எல்லாரும் கொண்டாந்த புள்ளிய வச்சுத்தான் சொல்லுது."

எனக்கு அவசரம். கிப்லிமோ சார் வேறு பக்கத்தில் நிற்கிறார். மாமா என் முகத்தைப் பார்த்தார், சாரின் முகத்தைப் பார்த்தார், தாடியைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் "என் அக்கா மக" என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

அதன் பிறகு எல்லாம் வரைபடம் சொன்னபடியே நடந்தது. ஈல் மதோவைச் சுற்றி மின்வேலி எழுந்தது. உள்ளே மாடு போகக் கூடாது, அராவ்லா நிம்மதியாக மேயட்டும் என்று ஏற்பாடு. கிணற்றை இழந்த மக்களுக்கு மாற்றிடம் தரவேண்டும் இல்லையா? அராவ்லாவுக்கு ஆகாத இடமாகப் பார்த்துக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பான் அத்தேயில் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். நானூறு அடியில் நல்ல தண்ணீர். பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், ஒட்டகம் அறுத்தார்கள், சோறு போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது.

வேலிக்குள் முப்பது தானியங்கிக் கேமராக்களை மரங்களில் கட்டியிருந்தோம். ஐந்து மாதப் படங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழுதைப்புலி வந்தது, காட்டுப்பன்றி வந்தது, குட்டை மான்கள் வந்தன. யாரோ தொலைத்த கழுதை ஒன்று கேமராவுக்கு நேராக வந்து நின்று பல்லைக் காட்டியது. அராவ்லா ஒன்றுகூட இல்லை. முதல் மாதம் அறிக்கையில் பயந்த சுபாவம் என்று எழுதினேன். இரண்டாம் மாதம் பருவம் என்று எழுதினேன். ஐந்தாம் மாதம் எழுதுவதற்குப் பொய் தீர்ந்துபோய், வண்டியை எடுத்துக்கொண்டு ஈல் மதோவுக்கே போனேன்.

வேலிக்கு வெளியே, கிணற்றுக்கு வடக்கே பெரிய வேல மரம் ஒன்று உண்டு. அதன் கீழேதான் டீக்கடை. காவலர்கள் பதிவுக் கருவியாக வைத்திருக்கும் கைப்பேசிகளோடு மதியம் அங்கே கூடுவார்கள். நான் போனபோது மாமாவும் இன்னொரு காவலரான கூசோவும் இருந்தார்கள். கூசோவுக்கு மாமா வயதுதான், வாய் மட்டும் இருபது வயசு. காவலர்களுக்குக் கைப்பேசியை அமுக்கச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"வா டீச்சர். உன் வேலிக்குள்ள கழுதை ஒண்ணு சுத்துதாமே. பேரு வச்சாச்சா?"

"வைக்கல. உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன்."

மாமா சிரித்தார். இஞ்சி தட்டிப்போட்ட பால் டீ வந்தது. கூசோ டீயைக் கலக்கிக்கொண்டே மாமாவிடம் சொன்னார்.

"காலைல கோணக்கொம்புக்காரியப் பாத்தேன். குட்டியோட. மெலிஞ்சுட்டா பாவம். கூட ஆறு பேரு."

"ஆறா?"

"ஆறு. வல்லாஹி, சத்தியமா ரெண்டு தடவ எண்ணுனேன்."

"சரி, கேட்டுக்கிட்டேன்" என்றார் மாமா.

உடனே கூசோ இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ஒரு விரலால், மிகுந்த மரியாதையோடு, அமுக்கினார். அராவ்லா. எட்டு. அனுப்பு. அமுக்கும் இடத்தைக் கைப்பேசி தானே குறித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் ஈல் மதோ வேல மரத்தடியில், டீ கிளாஸுக்குப் பக்கத்தில், எட்டு அராவ்லா நிற்பதாகப் பதிவாகிவிட்டது.

என் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தேன்.

"கூசோ மாமா, அத எங்க பாத்தீங்க?"

"பான் அத்தேலதான். வேற எங்க இருக்கும் அது? புது போர்வெல்லுக்கு மேக்கால."

"பார்த்த எடத்துலயே ஏன் அமுக்கல?"

என்னை அவர் பார்த்த பார்வையில் கேலி இல்லை. நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டது போல இருந்தது.

"அங்க நான் ஒத்தை ஆளுல்ல. சாட்சி எங்க இருக்கு? ஒருத்தன் கண்ணு மட்டும் பாத்தத எழுதிப் போட்டா அது வெறும் வாய்ப்பேச்சு. நாளைக்கு ஒருத்தன் கேப்பான், கூசோ சொன்னதுக்கு யாருய்யா சாட்சின்னு. அதான் இங்க வந்து, தெக்கோகிட்ட சொல்லி, அவன் கேட்டுக்கிட்டேன்னு சொன்னப்புறம் அமுக்கறது."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். நாங்க என்ன பொய்க்காரங்களா?"

ஓடை நெடுக இருபத்தெட்டுக் கிணறுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மரம், ஒரு டீக்கடை, இரண்டு ஆள். மூன்று வருஷம். இரண்டாயிரத்து நூற்று நாற்பது புள்ளிகள். ஒட்டகம் காணாமல் போன வழக்குக்கே இரண்டு சாட்சி இல்லாமல் வாயைத் திறக்காத வாப்பாவுக்குப் பிறந்தவள் நான். இவர்களும் சாட்சி தேடுவார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். போதாததற்கு, பயிற்சி நடத்தியபோது "அராவ்லாவப் பாத்தா இப்படி அமுக்கணும்" என்று நான் அமுக்கிக் காட்டியதும் இதே மரத்தடியில்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் மனுஷியே இல்லை. அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்ததை நான் ஆரம்பத்திலேயே பார்த்தேன். இப்படிக் குவிந்தால் கணக்கு கோணிவிடும் என்று எங்கள் தொழிலில் சுத்தம் செய்யும் முறை ஒன்று உண்டு: கிலோமீட்டருக்கு ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடுவோம். நீக்கினேன். இருபத்தெட்டுப் புள்ளி மிஞ்சியது, படம் அழகாக வந்தது. எல்லாப் புள்ளியும் காலை பதினோரு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் நடுவே விழுந்திருக்கிறதே, அராவ்லா என்ன அலுவலகமா போகிறது என்று நேரத்தையாவது பார்த்தேனா? அதுவும் இல்லை. கணினி தண்ணீரைத் தேடி எடுத்து, தண்ணீருக்குப் பக்கம்தான் அராவ்லா வாழும் என்று அடித்துச் சொன்னது, தன்னைத் தானே சோதித்து நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மார்க்கும் போட்டுக்கொண்டது. அது அழகாகப் படம் போட்டது டீக்கடைகளைத்தான்.

"மாமா, அன்னிக்கி ஸ்கூல்ல படம் காட்டினப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"வெளியாளுங்க முன்னாடி என் அக்கா மக பேச்ச நான் வெட்டுறதா?" என்றார் மாமா. டீயை உறிஞ்சிவிட்டு, "நீ படிச்சவ. நமக்குத் தெரியாத கணக்கு ஏதோ இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அங்கிருந்தே பான் அத்தேக்கு ஓட்டினேன். தண்ணீர் இல்லாத இடம் என்பதால் மாடு வராத இடம் அது. மாடு வராததால் புல் நின்ற இடம். புல் நின்றதால் அராவ்லா இருந்தது. அதற்குக் குடிக்கத் தண்ணீர் அவ்வளவாகத் தேவையில்லை, வெட்டவெளியும் குட்டைப் புல்லும் போதும். இப்போது போர்வெல்லைச் சுற்றி கண்ணுக்கெட்டிய தூரம் மாடு. பத்தாயிரத்துக்கும் மேல் என்றார்கள். ஈல் மதோவிலிருந்து வந்தவை, மழை பொய்த்த மற்ற ஊர்களிலிருந்து வந்தவை, எல்லாம் மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. அவற்றில் என் உம்மாவின் பதினேழு மாடுகளும் இருந்தன. புல் வேரோடு போயிருந்தது.

மறுநாள் கிப்லிமோ சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். தலையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலியத் திறந்து மாட்டை ஈல் மதோவுக்கே விட்டுடலாம் சார். பான் அத்தேய மூடிடலாம். இன்னும் கொஞ்சம் அராவ்லா அங்க இருக்கு."

"நான் சொன்னா திறந்துடுவாங்களா ஹபீபோ? நிர்வாகக் குழு ஒத்துக்கணும். உன் அறிக்கையக் காட்டித்தான் அவங்ககிட்ட வேலிக்கே சம்மதம் வாங்கினேன். இப்ப அதே ஆளு போய், அது தப்பு, டீ குடிச்ச எடத்தையெல்லாம் எண்ணிட்டோம்னு சொல்லணும்."

"சொல்லுங்க."

"எத வச்சுச் சொல்றது? பான் அத்தேல உன் கையில ஒரு புள்ளி இருக்கா?"

இல்லை. மூன்று வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

"காவலருங்க எல்லாருக்கும் எங்க பார்த்தோம்னு ஞாபகம் இருக்கு சார்."

"ஞாபகத்த அவங்க ஏத்துக்க மாட்டாங்க. பார்த்த எடத்துலயே அமுக்கின புள்ளி வேணும். ஒண்ணு கொண்டா போதும். ஒரே ஒண்ணு. நான் கூட்டத்தக் கூட்டி வேலியத் திறக்க வைக்கறேன். என் வேலை போனாலும் சரி."

ஒரே ஒரு புள்ளி. மூன்று வருஷம் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒன்று. மாட்டை ஓட்டிக்கொண்டு புல் தேடிப் போகாமல் மிஞ்சியிருந்த காவலர்கள் மாமாவும் கூசோவும்தான், அன்று சாயங்காலமே இருவரையும் பிடித்தேன். பார்த்த இடத்திலேயே, நின்ற நிலையில் அமுக்க வேண்டும், சாட்சிக்குக் காத்திருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"ஒத்த ஆளா அமுக்குனா என் மனசு ஒப்பாது மகளே" என்றார் மாமா. "நாங்க ரெண்டு பேரும் சேந்தே போறோம். ஒருத்தனுக்கு ஒருத்தன் சாட்சி."

போனார்கள். முதல் வாரம் குளம்படி மட்டும். இரண்டாம் வாரம் அதுவும் மாட்டுக் குளம்படிக்குள் கலந்துபோனது. மாமா தினமும் மதியம் போன் செய்வார். நான் மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுவேன். "இன்னிக்கி இல்ல" என்பார். மூன்றாம் வாரம் கூசோவின் மாடுகள் சாகத் தொடங்கின. பிழைத்த நான்கை ஓட்டிக்கொண்டு அவர் ஆற்றுப் பக்கம் போய்விட்டார். போகும்போது எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், அந்தக் கழுதையப் பத்திரமாப் பாத்துக்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, வைத்துவிட்டார்.

மாமா தனியாகத் தேடினார். மொத்தமாக நாற்பது நாள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, புள்ளி கிடைத்தவுடன் கணினியை ஓட்டுவதற்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். பழைய புள்ளிகள் அத்தனையையும் அழித்திருந்தேன். வெற்று வரைபடம் திரையில் காத்திருந்தது. காலை டீயில் என் உம்மா கொடுத்தனுப்பிய பாலை ஊற்றும்போதெல்லாம் அது பான் அத்தே புல் என்று தெரியும். தெரிந்தே குடித்தேன்.

நாற்பத்தோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாமா போன் செய்தார். வழக்கமாக மதியம்தான் செய்வார்.

"ஒண்ணு கெடச்சுது. வா."

"அமுக்கிட்டீங்களா?"

"இல்ல. சாட்சி வேணும். நீ வா."

"மாமா, அது ஓடிடும். நீங்க அமுக்குங்க."

"ஓடாது. நீ வா மகளே."

எங்கள் ஆட்கள் மனிதர் செத்த சேதியைக்கூட போனில் சொல்ல மாட்டார்கள், ஆளை வரச்சொல்லி முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். சந்தோஷத்தில் மறந்துபோனேன். கிப்லிமோ சாருக்கு "கிடைத்துவிட்டது, புள்ளி வருகிறது" என்று செய்தி போட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். வழி நெடுக வேலியை எந்தப் பக்கம் முதலில் திறப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

போர்வெல்லுக்கு மேற்கே, மாடுகளும் கைவிட்டுப்போன மொட்டைத் தரையில் மாமா குந்தியிருந்தார். தன் தோள்துண்டை எடுத்து ஒரு முகத்தின்மேல் போர்த்தியிருந்தார். நான் இறங்கி நடந்தேன். துண்டுக்கு வெளியே இரண்டு கொம்புகள் தெரிந்தன, இடது கொம்பு கோணலாக.

"நேத்து சாயங்காலம் போயிருக்கும்" என்றார் மாமா. "ஒடம்பு பூரா எலும்பு. பால் வத்திப்போச்சு. குட்டி அந்தப் பக்கம் கெடக்கு. அத ஏதோ இழுத்துட்டுப் போயிருக்கு, பாக்காத."

"மத்ததெல்லாம்?"

"ஆறு பொணம் பாத்தேன் இந்த நாப்பது நாள்ல. உன்கிட்ட சொல்லல. இவ தப்பிச்சிருப்பா, கூட்டத்தக் கூட்டிட்டு எங்கயாவது போயிருப்பான்னு நெனச்சேன். இவ போற எடத்துக்குத்தான் மத்தது போகும். இனி போறதுக்கு யாரும் இல்ல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாளில் மூன்றாவது தடவையாக அராவ்லாவைப் பார்க்கிறேன். துண்டை விலக்கினேன். கண் திறந்திருந்தது. இரண்டு கண்களுக்கும் நடுவே அந்த வெள்ளைக் கோடு, மேலே புழுதி. என் விரலால் துடைத்தேன். என்னால்தான் நீ செத்தாய் என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். மாமா அதைக் கேட்டும் கேட்காதது போல வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு கைப்பேசியை எடுத்தார்.

"நீ பாத்தியா?"

"மாமா, வேண்டாம்."

"பாத்தியான்னு கேக்கறேன்."

"பாத்தேன்."

"கேட்டுக்கிட்டேன்" என்றார். ஒரு விரலால் அமுக்கினார். அராவ்லா. ஒன்று. அடுத்து உயிரோடா, செத்ததா என்று படிவம் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வியே அதில் இல்லை. அந்தப் படிவத்தையும் நான்தான் தயார் செய்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

அனுப்பினார். நின்ற நிலையில், பார்த்த இடத்திலேயே, சாட்சியோடு. மூன்று வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த சரியான புள்ளி அது ஒன்றுதான். கணினி இனி அதைத் தின்றுவிட்டுப் பான் அத்தே முழுவதையும் பச்சையாக்கும்.

கால் மணி நேரத்தில் என் போன் அடித்தது. கிப்லிமோ சாரின் செய்தி. புள்ளி வந்துவிட்டது, பான் அத்தேயில் சரியாக விழுந்திருக்கிறது, இது போதும், வியாழக்கிழமை கூட்டம், வேலியைத் திறந்துவிடலாம், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் மாமா.

"அராவ்லாவுக்கு இந்த எடம் ஒத்துவருமாம்" என்றேன்.

மாமா தோள்துண்டை மறுபடி அந்த முகத்தின்மேல் இழுத்துப் போர்த்தினார். கழுதைப்புலி இழுக்காமல் முள் வெட்டி வந்து மூட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். முள் வெட்ட அங்கே மரம் எதுவும் இல்லை, ஆனாலும் நடந்துகொண்டே இருந்தார்.